வெள்ளி நாணயங்களும் அவற்றின் உருவங்களும்

எங்கள் சாயர்புரத்திற்குச் சில கல் தொலைவில் கொற்கை இருக்கிறது. முத்துக்குளிப்பால் புகழ்பெற்ற பாண்டியர் துறைமுகம் அது. இன்றோ கடல் அதனைக் கைவிட்டு விலகிப் போயிற்று. அதன் அருகே அக்காசாலை என்றொரு சிற்றூர் உண்டு. அக்கசாலை என்பது காசு அடிக்கும் இடத்தைக் குறிக்கும் பழஞ்சொல். வகுப்பில் இப்பெயரை விளக்கப் புகுந்தபோதுதான் எனக்கும் நாணயம் சேர்க்கும் ஆசை பிறந்தது. ஆயின் பழங்காசு வாங்கப் பொருள் வேண்டும்; போலியை இனங்காணும் புலமையும் வேண்டும். இரண்டும் என்னிடம் குறைவு. ஆகவே குடியரசு இந்தியாவின் வெள்ளி நாணயங்களை நாடினேன்.

இவற்றுள் உயர்ந்தது 'புரூஃப்' எனப்படும் வகை. அச்சு செம்மையாக அமைந்ததா என்று முதலில் அடித்துப் பார்க்கும் மாதிரிக்கே பண்டு அப்பெயர் வழங்கிற்று. இப்பொழுது சேகரிப்போருக்கென்றே அடிக்கிறார்கள். அச்சையும் வெள்ளி வில்லையையும் நன்கு மெருகிட்டு, ஒரு முறைக்கு இரு முறையாக அழுத்துவார்கள். அதனால் பரப்பு கண்ணாடிபோல் முகங்காட்டும். புடைத்த உருவம் மட்டும் பனி படர்ந்ததுபோல் வெண்மையாக நிற்கும். கடைத்தெருவில் இது புழங்குவதில்லை. நாணயச்சாலையின் அறிவிப்பு வரும்போது பணங்கட்டிப் பதிந்து பெற வேண்டும்.

என் முதல் நாணயம் 1969இல் காந்தியடிகளின் நூற்றாண்டை ஒட்டி வெளிவந்த 10 ரூபாய். எடை 15 கிராம். நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி. (1972இல் சுதந்திர வெள்ளிவிழாவுக்கு வந்த 10 ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைந்துவிட்டது.) அடிகளின் முகம் பக்கவாட்டில், அளவான எழுத்து, எஞ்சியதெல்லாம் வெறும் பரப்பு. அவ்வெறுமையே அதன் அழகு என்பது என் எண்ணம். நண்பரொருவர் அதனை மனமில்லாமலே எனக்கு விட்டுக்கொடுத்தார். நான் என்ன செய்தேன், கேளுங்கள். சற்றே கறுத்திருந்ததைக் கண்டு, வீட்டு வெள்ளிக் கிண்ணத்தைத் துலக்குவதுபோலப் பல்பொடியிட்டுத் தேய்த்துவிட்டேன்! பளபளப்பு வந்தது, கண்ணாடிப் பரப்போ அழிந்தது. ஆயிரம் மெல்லிய கீறல்கள். ஓர் ஆசிரியன் கேட்டறியாமல் கைவைத்ததற்கு அது கூலி.

இனி, உருவங்களைப் பற்றி எழும் பூசல்களுக்கு வருவோம். 2006இல் புதிய 2 ரூபாய் நாணயம் ஒன்று வந்தது. வெள்ளியன்று, எஃகுதான். அதில் இரு கோடுகள் குறுக்கிட்டு நின்றன. அது சிலுவை என்று சிலர் எதிர்த்தனர். வேற்றுமையில் ஒற்றுமையே அதன் கருத்து என விளக்கம் கூறப்பட்டது. என் வகுப்பில் ஒரு சிறுவன், "ஐயா, இது கூட்டல் குறிதானே?" என்றான்; நான் கணக்கு ஆசிரியர் பக்கம் கைகாட்டித் தப்பினேன். 2007இல் விரல் முத்திரை பொறித்த நாணயங்கள் அதற்கு மாற்றாக வந்தன.

தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக 2010 என்னும் ஆண்டு பொறித்து 1000 ரூபாய் வெள்ளி நாணயம் அடிக்கப்பட்டது. நம் நாட்டில் அம்மதிப்பில் வந்த முதல் நாணயம் அது. 35 கிராமில் 80 பங்கு வெள்ளி. கோயிலுருவம் பொறித்த நாணயங்களைத் திரும்பப் பெற வேண்டுமென்று டெல்லி உயர்நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. 2018 ஜனவரியில் அது தள்ளுபடியாயிற்று. இராசராசன் கட்டிய கோயிலைக் கட்டடக்கலையாகக் காண்பதா, வழிபாட்டிடமாகக் காண்பதா? இரண்டும் உண்மையாதலின், கேட்டவர்களை நான் குறைகூற மாட்டேன்.

எங்களூர்த் தேநீர்க் கடையிலேயே பூசல் எழுந்தது 2024 ஆகஸ்டில். கலைஞர் மு. கருணாநிதியின் நூற்றாண்டு 100 ரூபாய் நாணயம் சென்னையில் வெளியிடப்பட்டது. இந்தி எழுத்து அதில் ஏன் என்று எதிர்க்கட்சித் தலைவர் கேட்டார். நடுவணரசின் நாணயங்களில் அது வழக்கமே என்று முதலமைச்சர் விடை கூறினார். கடையில் இரு தரப்பும் என்னை நடுவராக்கின. வீட்டிலிருந்து காந்தி நாணயத்தையும், காமராசரின் 2003ஆம் ஆண்டு நாணயத்தையும் எடுத்துவந்து பலகையில் வைத்தேன். இரண்டிலும் நாகரி எழுத்து இருந்தது. "இத்தனை நாள் பார்க்கவில்லையே அண்ணாச்சி!" என்றார் ஒருவர். வழக்கம் என்பது மட்டும் போதிய விடையாகுமா என்று மற்றவர் கேட்டார். அக்கேள்வியும் நியாயமே. எனினும் வாதிட்ட எங்களுள் ஒருவரும் அப்புது நாணயத்தைக் கண்ணால் கண்டதில்லை!

பின்னர் அது கைக்கு வந்தபோது உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு நோக்கினேன். தலைவரின் உருவத்தின்கீழ் 'தமிழ் வெல்லும்' என்று தமிழெழுத்திலேயே இருந்தது. 2009இல் அறிஞர் அண்ணாவின் நாணயமும் அவருடைய தமிழ்க் கையொப்பத்தோடு வந்ததுதான். எனக்குள்ள குறை வேறு: இருமொழி வாசகமும் ஆண்டும் உருவமும் ஒன்றையொன்று நெருக்க, அந்தக் கண்ணாடிப் பரப்புக்கு இடமே இல்லை. பாண்டியன் தன் காசில் மீனைப் பொறித்தான். அதுவே அவன் யாரென்று சொல்லிற்று.

இப்பொழுது மாணவர் என் வீட்டிற்கு வந்தால் மற்ற நாணயங்களை விளிம்பில் மட்டும் பிடித்துப் பார்க்கச் சொல்வேன். பல்பொடியில் கெட்ட அந்தக் காந்தி நாணயத்தை மட்டும் உள்ளங்கையிலேயே கொடுத்துவிடுவேன். அவர்கள் முதலில் கேட்பது கீறல்களைப் பற்றித்தான்.