கம்பி யார் கையில்?



"தந்தி வந்திருக்கிறது" என்றால் ஒரு காலத்தில் நம் லயத்து வீடுகளில் போட்டது போட்டபடி ஓடி வருவார்கள். நல்லதா கெட்டதா என்பதுதான் கவலை. அது எத்தனை அரசாங்கங்களின் கையைத் தாண்டி வந்தது என்று யார் கேட்டார்கள்? அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

மின்சாரத் தந்திக்கு முன்பே, பிரான்சில் கோபுரங்களின்மேல் மரக்கைகளை அசைத்துச் செய்தி அனுப்பினார்கள். 1794-இல் தொடங்கிய அந்த ஏற்பாடு அரசாங்க அலுவலுக்கே உரியது. அனுமதியின்றி வேறு எவரும் அப்படிச் செய்தி அனுப்பினால் சிறை என்று 1837-இல் சட்டமே போட்டார்கள். மின்சாரக் கம்பி வந்தும், 1851-இல்தான் பொதுமக்கள் அங்கே காசு கொடுத்துத் தந்தி அடிக்க முடிந்தது.

எல்லையில் வந்ததும் வேறொரு வேடிக்கை. ஒரு நாட்டுக் கம்பி அடுத்த நாட்டுக் கம்பியோடு சேராது. ஸ்திராஸ்பூர்க் நகரத் தந்தி நிலையத்தில் பிரெஞ்சுக்காரர் ஒருவர், பாடன் நாட்டுக்காரர் ஒருவர். பாரிசிலிருந்து வந்த செய்தியை முன்னவர் கையால் எழுதி மேசைக்கு அப்பால் நீட்டுவார். பின்னவர் அதை ஜெர்மன் மொழியில் பெயர்த்து, தம் நாட்டுக் கம்பியில் மறுபடியும் அடிப்பார். மின்னலாய் வந்த செய்தி மேசையில் நத்தையாகிவிடும்!

இதற்கு முடிவுகட்ட 1865 மே 17-இல் 20 நாடுகள் பாரிசில் ஒப்பந்தம் செய்தன. அனைத்துலகத் தந்திச் சங்கம் அப்படிப் பிறந்தது. பிரிட்டனுக்கு அழைப்பில்லை, அங்கே தந்தி தனியார் கம்பெனிகளிடம் இருந்தது. 1870-இல்தான் தபால் இலாகா அதை எடுத்துக்கொண்டது. எல்லாருக்கும் தந்தி அடிக்க உரிமை உண்டு, இரகசியம் காக்கப்படும் என்றது ஒப்பந்தம். ஆனால் நாட்டுக்கு ஆபத்தாகத் தோன்றும் தந்தியை அரசாங்கம் நிறுத்தலாம் என்றும் அதிலேயே எழுதிக்கொண்டார்கள். தோன்றினாலே போதுமாம்! ஒரு கையால் கொடுத்து மறுகையால் பிடுங்கியதாகவே எனக்குப் படுகிறது.

கடலடிக் கம்பியில் நம் மண்ணின் பங்கு உண்டு. உப்புநீர் புகாமல் கம்பியைப் போர்த்தியது 'கெத்தா பெர்ச்சா'. நம் காட்டுத் தாபான் மரத்தின் பால் அது. ரப்பர் மரத்தில் பட்டையைச் சீவிப் பாலெடுத்து, மறுபடியும் அதே மரத்துக்குப் போகிறோம். தாபானையோ வெட்டிச் சாய்த்தே பாலெடுத்தார்கள். அங்கே கம்பி நீள நீள, இங்கே காடு குறைந்தது. 1871-க்குள் சென்னை, பினாங்கு, சிங்கப்பூர் மூன்றும் கடலடிக் கம்பியால் இணைந்துவிட்டன.

போர் வந்ததும் கம்பியே குறியாயிற்று. 1914 ஆகஸ்டு 5 விடியற்காலையில் பிரிட்டனின் 'அலர்ட்' கப்பல் ஜெர்மனியின் கடலடிக் கம்பிகளை வெட்டியது. ஜெர்மனியின் 'எம்டன்' கப்பலைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். செப்டம்பரில் சென்னையைச் சுட்டது; அக்டோபர் 28-இல் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்தது. நவம்பர் 9-இல் கொக்கோஸ் தீவின் தந்தி நிலையத்தை அழிக்க ஆட்களை இறக்கியது. அவர்கள் கரையேறுமுன்பே நிலையத்தார் கம்பியில்லாத் தந்தியில் ஆபத்தைச் சொல்லிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' கப்பல் சில மணி நேரத்தில் வந்தது. அன்றே எம்டன் குண்டடிபட்டுக் கரைதட்டியது. கம்பியை வெட்டப் போனவர்கள் கப்பலின்றித் தீவிலேயே நின்றார்கள்.