தாத்தாவுக்கு 'வா', நாய்க்குட்டிக்கு 'வாங்க'

இன்னைக்கு கோடிங் பத்தி பேசப் போறதில்ல. ஒரு நாலு வயசுப் பொண்ணு பத்தியும், 'வாங்க'ங்கிற ஒரே ஒரு சொல் பத்தியும்தான்.

என் அக்கா பொண்ணு பெங்களூர்ல வளர்றா. ஸ்கூல், அபார்ட்மென்ட் எல்லா இடத்திலயும் இங்கிலீஷ். தமிழ்ல பேசினா நல்லா புரியும், பதில் மட்டும் இங்கிலீஷ்ல வரும். பொங்கலுக்கு வீடியோ கால் பேசும்போது முதல்முறையா முழுசா ஒரு தமிழ் வாக்கியம் சொன்னா: "தாத்தா, இங்க வா." நாங்க கைதட்டுறதுக்குள்ள அக்கா முந்திக்கிட்டா. "தாத்தாவை 'வா'ன்னு சொல்லக் கூடாது. 'வாங்க'ன்னு சொல்லு." பாப்பா முகம் சுருங்கிடுச்சு. அதுக்கப்புறம் ரெண்டு மாசம் தாத்தாவுக்கு 'ஹாய்', 'பை' மட்டும்தான். அப்பா வெளிய காட்டிக்கல, ஆனா அவருக்கு வருத்தம்.

யோசிச்சுப் பார்த்தா பாப்பா மேல தப்பே இல்ல. நாங்க அவகிட்ட பேசுற தமிழ்ல பாதிக்கு மேல கட்டளைதான். வா, உக்காரு, சாப்பிடு, ஓடாத, தூங்கு. கொங்குப் பக்கம் குழந்தைகளையே "வாங்க கண்ணு"ன்னு கூப்பிடுவாங்க. எங்க வீட்ல அவளைப் பார்த்து யாரும் 'வாங்க' சொன்னதே இல்ல. கேட்டதைத்தான் திருப்பிச் சொன்னா. அதைவிட முக்கியமா, கட்டளையைக் கேட்டுச் செய்யுற குழந்தை வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்ல.

ஆனா தமிழ் பேச ஆரம்பிக்க கட்டளை ரொம்ப வசதியான இடம். நட, ஓடு, பாடு. ஸ்கூல்ல 'ஏவல்'னு படிச்சோமே, அதேதான். எந்த விகுதியும் ஒட்டாம, வினையோட வேரே கட்டளையா நிக்கும். நன்னூல்கூட வினைப் பகுதிகளுக்கு மாதிரியா 23 சொற்களை ஏவல் வடிவத்துலதான் அடுக்குது.

ஜேம்ஸ் ஆஷர்னு ஒரு அமெரிக்க உளவியலாளர், 1960கள்ல கட்டளையை வச்சே மொழி கத்துக்கொடுக்குற ஒரு முறையைக் கொண்டுவந்தார். முதல்ல ஆசிரியர் சொல்லுவார், மாணவர்கள் உடம்பால செய்வாங்க. கொஞ்ச நாள் கழிச்சு மாணவர்கள் சொல்லுவாங்க, மத்தவங்க செய்வாங்க. நம்ம வீடுகள்ல முதல் பாதியோட நிறுத்திடுறோம்.

அந்த ரெண்டாவது பாதிக்குத்தான் நான் படப் புத்தகத்தை எடுத்தேன். முதல்ல எர்வே டுல்லேயோட 'பிரஸ் ஹியர்'. பிரெஞ்சுல 2010ல வந்தது. ஒரு மஞ்சள் புள்ளி இருக்கும். அதை அழுத்திட்டுப் பக்கத்தைத் திருப்பினா ரெண்டு புள்ளி ஆயிடும். என்கிட்ட இருந்தது இங்கிலீஷ் பதிப்பு, நான் தமிழ்லயே சொன்னேன். அழுத்து, தேய், ஊது, குலுக்கு. மூணாவது நாள் ரோலை மாத்தினோம். அவ சொல்லணும், நான் செய்யணும். ஒரே ஒரு விதி: சொன்னதை அப்படியே செய்வேன். 'ஊது'ன்னு சொல்ல நினைச்சு 'ஓடு'ன்னா, நான் ஹால்ல ஓடினேன். அவ விழுந்து விழுந்து சிரிச்சா, தானா திருத்திக்கிட்டா. நான் திருத்தவே இல்ல.

அடுத்து 'ங்க'. இதுக்கு ஸ்டோரிவீவர் தளத்துல இருந்து படக்கதைகள் எடுத்தேன். பிரதம் புக்ஸ் 2015ல தொடங்கினது, தமிழ்ல இலவசமாவே நிறைய இருக்கு. மரியாதையை நான் முதல்ல தொடவே இல்ல, எண்ணிக்கையில ஆரம்பிச்சேன். படத்துல ஒரு நாய்க்குட்டின்னா 'வா', மூணு நாய்க்குட்டின்னா 'வாங்க'. அது ஈஸியா பிடிபட்டுச்சு. அப்புறம் ஒரு பாட்டி படம் வந்துச்சு. நான் "பாட்டி, வாங்க"ன்னேன். உடனே, "ஒன் பாட்டிதானே?"ன்னா. "ஒருத்தங்கதான். ஆனா பெரியவங்க இல்லையா?"ன்னேன். அவ்வளவுதான் பாடம். அடுத்த ஒரு வாரம் நாய்க்குட்டி, பூனை, சோஃபா எல்லாத்துக்கும் 'வாங்க'தான். விட்டுட்டோம்.

நீங்க செஞ்சு பார்க்கிறதா இருந்தா ஒண்ணு கவனிங்க. புத்தகத்துல 'நில்', 'உட்கார்'னு இருக்கும். வீட்ல நாம 'நில்லு', 'உக்காரு'ங்கிறோம். முதல்ல வீட்டுத் தமிழ்லயே படிங்க. அச்சுத் தமிழ் எழுத்து படிக்க ஆரம்பிக்கும்போது வரட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால். அப்பா வழக்கம்போல போனைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிருந்தார். பாப்பா ஸ்கிரீனை முறைச்சுப் பார்த்துட்டுச் சொன்னா: "தாத்தா, போனைக் கீழ இறக்குங்க. ஃபேன்தான் தெரியுது."

அப்பா உடனே இறக்கினார். அன்னைக்கு அரை மணி நேரம் அவ சொன்னதையெல்லாம் செஞ்சார்.

உங்க வீட்டுக் குழந்தை உங்களுக்குத் தமிழ்ல கடைசியா என்ன கட்டளை போட்டுச்சு? எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.