கிணற்றடி எஞ்சினும் அதன் சிலிண்டரும்



பிளவக்கல் அணையின் நீரை நம்பி விவசாயம் செய்யும் கூமாப்பட்டி, வத்திராயிருப்பு வட்டாரத்தில், கண்மாய் வற்றிய காலத்தில் பயிரைக் காப்பாற்றுவது கிணறு. அந்தக் கிணற்றில் கமலைக்குப் பின்னும் மின்சார மோட்டாருக்கு முன்னும் நீர் இறைத்துத் தந்தது ஆயில் எஞ்சின். பழைய எஞ்சினை இன்னும் வைத்திருப்போருக்காக, அதன் சிலிண்டரைப் பற்றிச் சில விஷயங்கள் சொல்ல விரும்புகிறேன்.

1897-ல் ஜெர்மனியில் ருடால்ஃப் டீசல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய தத்துவத்தின்படி, இந்த எஞ்சினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டனால் நெருக்குண்ட காற்று 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறுவதால்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. ஆகையால், காற்று எங்கேனும் நழுவுமானால், ஹேண்டிலை எவ்வளவு சுற்றினாலும் எஞ்சின் புகையுமேயன்றி ஓடாது.

உடனே சிலிண்டர் போய்விட்டதென்று நிர்ணயித்துவிடலாகாது. வால்வும் ஹெட் கேஸ்கெட்டும்கூடக் காரணமாகலாம். டீசல் குழாயை அடைத்துவிட்டு, ஹேண்டிலை மெல்லச் சுற்றிக் கை உணரும் எதிர்ப்பைக் கவனித்து, பிறகு இன்ஜெக்டர் துவாரத்தின் வழியே மிகச் சிறிதளவு எஞ்சின் ஆயிலை விட்டு, இன்ஜெக்டரை மாட்டி மறுபடி சுற்றிப் பாருங்கள். எதிர்ப்புக் கூடினால், பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளியை ஆயில் அடைத்தது என்று பொருள். கூடாவிட்டால் வால்வையும் கேஸ்கெட்டையும் பரிசோதிக்க வேண்டும்.

குற்றம் சிலிண்டரில்தான் என்று தெரிந்தால், ஹெட்டைக் கழற்றி, மேலேயும் நடுவிலும் கீழேயுமாக மூன்று மட்டங்களில், ஒவ்வொன்றிலும் நெடுக்காகவும் குறுக்காகவும் அளந்து பார்ப்பது அவசியம். கீறல் மேலோட்டமானால் ஹோனிங் போதும். வட்டம் குலைந்திருந்தால், லேத் பட்டறையில் போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும், அல்லது லைனரை மாற்ற வேண்டும்.

தேய்ந்த காரணம் நீங்காமல் இந்தச் செலவெல்லாம் பயன் தராது. ஆடிக்காற்றில் பறக்கும் புழுதி ஒரு காரணம். ஏர் ஃபில்டரைச் சுத்தமாக வைத்தால் அது தீரும். மற்றொன்றைப் பலர் நம்புவதில்லை. எஞ்சின் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு நல்லதென்ற அபிப்பிராயத்தில், கிணற்று நீரைத் தாராளமாக அதைச் சுற்றி ஓடவிடுகிறோம். குளிர்ந்த சுவரில் படியும் ஈரமோ, டீசலிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து அமிலமாகி இரும்பை அரிக்கிறது. நீர்க்குழாயின் திருகைச் சற்று மூடி, வெளியேறும் நீர் சுமார் 70 பாகைச் சூட்டில் இருக்கும்படி வைத்துக்கொள்வதே உசிதம்.

புது லைனர் மாட்டும் நாளில் இவ்விரண்டையும் கவனியாதவர், அதற்கடுத்த லைனருக்கும் அன்றே அச்சாரம் கொடுத்தவராகிறார்.