நிலத்துக்கு ஒரு நல்ல வில்லங்கம்



'பிள்ளைகளுக்கு நிலத்தை விட்டுச் செல்லும்போது தரவேண்டியது முழு உரிமையா, கட்டுப்பாடா?' இதுதான் தலைப்பு. எதிரணி நண்பர் ஆவேசமாகக் கேட்டார்: "என் நிலம், என் பிள்ளை. நடுவிலே எவன்யா கட்டுப்பாடு போடுறது?" ஐயா, எவனும் போடவேண்டாம். சொந்தக்காரரே போடலாம். போட்டிருக்கிறார்கள்!

நிலம் வாங்கப் போனால் நாம் வில்லங்கம் இருக்கிறதா என்று பார்ப்போம். அமெரிக்காவிலே சில விவசாயிகள் தாங்களாகவே வந்து பத்திரத்தில் ஒரு வில்லங்கத்தை எழுதி வைக்கிறார்கள்! (சிரிப்பு) அதற்குப் பெயர் கன்சர்வேஷன் ஈஸ்மெண்ட்.

நில உரிமை என்பது சாவிக்கொத்து மாதிரி. உழுவதற்கு ஒரு சாவி, விற்பதற்கு ஒன்று, பிள்ளைக்கு எழுதி வைக்க ஒன்று, மனை போட ஒன்று. அந்தக் கடைசிச் சாவியை மட்டும் கழற்றி ஓர் அறக்கட்டளையிடம் கொடுத்துவிடுகிறார்கள். மற்றதெல்லாம் இடுப்பிலேயேதான் இருக்கு! அறக்கட்டளையும் அந்தச் சாவியால் திறக்கக் கூடாது; பூட்டு பத்திரமாக இருக்கிறதா என்று வருஷா வருஷம் வந்து பார்க்கும். நிலம் யார் கைக்குப் போனாலும் பூட்டும் கூடவே போகும்.

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பாலத்தைத் தாண்டினால் மாரின் கவுண்டி. பால்பண்ணைகள் உள்ள மலைச்சரிவு. பக்கத்திலே பெருநகரம் இருந்தால் மனை வியாபாரி சும்மா விடுவாரா? எல்லன் ஸ்ட்ராஸ் பால்பண்ணைக்காரர். பில்லிஸ் ஃபேபர் உயிரியல் படித்தவர். இந்த இரண்டு பெண்மணிகள் சேர்ந்து 1980-இல் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். இன்று 50,000 ஏக்கருக்கு மேல் காப்பாற்றப்பட்டிருக்கிறது. (கைதட்டல்)

சும்மா கேட்கவில்லை, பணம் கொடுத்தே அந்தச் சாவியை வாங்குகிறார்கள். ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். நாலு பிள்ளைகள். ஒருத்தன் மாட்டோடு இருக்க ஆசைப்படுகிறான். மூணு பேர் பட்டணத்திலிருந்து பங்கு கேட்கிறார்கள். நிலத்தை விற்றால்தான் பங்கு. இந்தப் பணம் வந்தால்? மூணு பேருக்கும் பங்கு, நாலாமவனுக்குப் பண்ணை. அம்மாவுக்கு நாலு பிள்ளையும் மிச்சம்! (கைதட்டல்)

"இதிலும் மோசடி நடந்ததே" என்பீர்கள். நடந்தது. சாவியைத் தானமாகக் கொடுத்தால் அங்கே வரிச்சலுகை உண்டு. சிலர் கூட்டுச் சேர்ந்து, மதிப்பை ஊதிக்காட்டி அதைச் சுரண்டினார்கள். 2022-இல் சட்டம் போட்டு அதைக் கட்டுப்படுத்தினார்கள். கள்ளநோட்டு அடித்தான் என்பதற்காக நோட்டே வேண்டாம் என்பீர்களா?

கடைசியாக, "பேரன் கையைக் கட்டலாமா?" என்றீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் நீங்கள் நிலத்தை விற்று, அங்கே அடுக்குமாடி எழும்பிவிட்டால், உங்கள் பேரன் அதிலே புல் முளைக்க வைப்பானா? அதுவும் நிரந்தரம்தான் ஐயா! இரண்டுமே பேரன் கையைக் கட்டுகின்றன. ஒன்று கட்டிய கையிலே மண்ணைக் கொடுக்கிறது. இன்னொன்று அதையும் பறித்துவிடுகிறது.

ஆகவே, அன்புள்ள கட்டுப்பாடே பெரிது என்று தீர்ப்பளிக்க வேண்டி அமர்கிறேன்.