விலையேற்றமும் எங்கள் குசினியும்

(கிளிநொச்சி மாவட்டத்தில் மீளக்குடியமர்ந்த கிராமம் ஒன்றின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில், 2012 மார்ச் மாதம் எமது வெளிக்கள உத்தியோகத்தர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 பின்னுக்கு வேலியோரம் நிற்கிற ஐயாமார் முன்னுக்கு வந்து இருக்கலாம். இது குசினிக் கதை என்றாலும், பாதிக்கு மேல் காசுக் கதைதான்.

கடந்த பெப்ரவரி மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 71 ரூபாவிலிருந்து 106 ரூபாவாக ஏறியது. டீசல் 84இல் இருந்து 115 ஆனது. பெற்றோல் 137இல் இருந்து 149 ஆனது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கார் ஓடுகிறவரின் பெற்றோலுக்கு நூற்றுக்கு 9 வீதம்தான் கூடியது. குப்பி விளக்கில் பிள்ளையைப் படிப்பிக்கிற தாய்க்கு நூற்றுக்கு 49 வீதம் கூடியது. கறண்ட் வராத வீடும், மோட்டார் போட்டு இறைக்கிற தோட்டமும், சின்ன எஞ்சின் பூட்டிய வள்ளமும்தான் கூடுதலாக அடி வாங்கின. டீசல் ஏறியதால் பஸ் காசும் லொறிக் கூலியும் ஏறின. யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ வருகிற எந்தச் சாமானும் பழைய விலைக்கு இனி இங்கே வந்து சேராது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. சென்ற மாத ஆரம்பத்தில் ஒரு டொலருக்கு 114 ரூபா மட்டில் இருந்தது. இப்போது 125ஐத் தாண்டிவிட்டது. மைசூர்ப் பருப்பு, சீனி, கோதுமை, பால்மா எல்லாம் டொலரில்தான் நாட்டுக்குள் வருகின்றன. எங்கள் வயலில் விளைகிற நெல்லும், குளத்து ஜப்பான் மீனும், வளவு முருங்கையும் டொலரில் வருவதில்லை. நான் பிறகு சொல்லப் போகிற பல விடயங்களுக்கு இதுதான் அடிப்படை.

உங்களில் பலருக்குக் குடியமர்ந்தபோது கிடைத்த ஆறு மாத உலர் உணவு நிவாரணம் முடிந்துவிட்டது. அரிசி, மா, பருப்பு, எண்ணெய், சீனி என்று வந்த சாமான் நின்ற நேரத்திலேயே விலையும் ஏறியிருக்கிறது. ஆகவே "சிக்கனமாக இருங்கள்" என்று புத்தி சொல்ல நான் வரவில்லை. முகாமில் ஒரு வாளித் தண்ணீரில் குளித்து, சமைத்து, உடுப்பும் தோய்த்தவர்களுக்குச் சிக்கனம் படிப்பிக்க என்னால் முடியாது. எங்கே காசு கசிகிறது, எங்கே உயிருக்கே ஆபத்து வருகிறது என்பதை மட்டும் பார்ப்போம்.

முதலில் விறகு.

மண்ணெண்ணெய் அடுப்பை மூடிவைத்துவிட்டுப் பலர் விறகுக்குத் திரும்பியிருக்கிறார்கள். கிட்டவிருந்த விறகு முடிந்ததும் கால் தூரத்துக்குப் போகும். பெரிய பயமே அங்கேதான். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைக்கும், மஞ்சள் நாடாவுக்கும் அப்பால் எவ்வளவு நல்ல பாலை விறகு கிடந்தாலும் அது எங்களுக்கு விறகில்லை. பலகை இல்லாத இடமெல்லாம் பத்திரமான இடம் என்றும் எண்ண வேண்டாம். பலகைகளைப் பிடுங்கி அடுப்பில் வைத்த இடங்களும் இருக்கின்றன. ஆட்கள் நடந்து பழகிய பாதையில் மட்டும் போங்கள், தனியாகப் போகாதீர்கள், சிறுவர்களை அனுப்பவே வேண்டாம். மிதிவெடி அகற்றும் நிறுவனம் துப்புரவாக்கிக் கையளித்த காணி எது என்று கிராம அலுவலரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். இங்கே அவரே இருக்கிறார். கூட்டம் முடிந்ததும் கேட்கலாம்.

பழைய இரும்புக் கதையும் இதோடு சேர்ந்ததுதான். விலை ஏறினால் இரும்பு பொறுக்குகிற கைகளும் கூடும். கிலோவுக்குக் கொஞ்சக் காசு கிடைக்கிறது என்று பள்ளிக்கூடம் விட்டு வருகிற பொடியன் ஒரு துண்டைத் தூக்கிக்கொண்டு வருவான். அது என்ன துண்டு என்று அவனுக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. வீட்டில் அடுப்புக் கல்லுக்குப் பதிலாக ஷெல் கோதையோ வேறு இரும்பையோ வைக்காதீர்கள். குப்பை எரிக்கிற இடத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மண்ணுக்குள் கிடப்பது சூட்டில் வெடித்துக் காயப்பட்டவர்கள் வன்னியில் இருக்கிறார்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், அந்த இடத்துக்கு ஓர் அடையாளம் வைத்து, வந்த வழியே திரும்பி வந்து கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள்.

விறகைத் தேடும் நடையைக் குறைப்பதற்கு நல்ல வழி, எரிகிற விறகைக் குறைப்பது. மூன்று கல் அடுப்பில் நெருப்பின் சூடு பெரும்பங்கு காற்றோடு போய்விடும். அதிலும் தறப்பாள் கொட்டிலில், நாலு பக்கமும் காற்று அடிக்கிற இடத்தில் கேட்கவே வேண்டாம். அனகி அடுப்பு என்று ஒன்று இருக்கிறது. தென்பகுதியில் பல காலமாகப் பாவனையில் உள்ள, இரண்டு பானை வைக்கிற களிமண் அடுப்பு. ஒரு வாயால் விறகு வைத்தால் முன்பானையில் சோறும், மிச்சச் சூட்டில் பின்பானையில் கறியும் வேகும். மூன்று கட்டு எரிந்த இடத்தில் ஏறக்குறைய இரண்டு கட்டுப் போதும். அடுப்பை அப்படியே நிலத்தில் வைத்து எரித்தால் வெடித்துவிடும். சுற்றிவர களிமண், உமி, சாணம் குழைத்துப் பூசி, நன்றாகக் காயவிட்ட பிறகுதான் மூட்ட வேண்டும். பானை வாயில் பொருந்தி இருக்க வேண்டும், இடைவெளி விட்டால் பலனில்லை.

விறகைச் சிறிதாகப் பிளந்து, கூரைக்குக் கீழே அடுக்கிக் காயவையுங்கள். ஈர விறகு தன் தண்ணீரை ஆவியாக்கவே சூட்டில் ஒரு பங்கைத் தின்றுவிடும். புகையும் பிள்ளைகளின் நெஞ்சுக்குக் கூடாது. பூநகரிப் பக்கமும் பளைப் பக்கமும் பனை உள்ளவர்களுக்கு ஊமல், பன்னாடை, கங்குமட்டை எல்லாம் காசில்லாத எரிபொருள். தென்னை நிற்கிற வளவில் பொச்சும் சிரட்டையும் இருக்கின்றன. அரிசி ஆலைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் உமியையும் எரிக்கலாம்.

அடுத்தது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். சோற்றுப் பானையைப் படுக்கவைக்கிற கதை. ஒரு கடகத்திலோ மட்டைப் பெட்டியிலோ வைக்கோலை இறுக்கி அடைத்து, நடுவில் பானை அளவுக்குக் குழி செய்யுங்கள். அரிசி கொதித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் வெந்ததும், மூடியைத் திறக்காமல் பானையை இறக்கி அந்தக் குழிக்குள் வைத்து, மேலே பழைய சேலை அடைத்த தலையணை ஒன்றைப் போட்டு மூடிவிடுங்கள். ஒரு மணித்தியாலம், சிவப்புப் புழுங்கலரிசி என்றால் இன்னும் கொஞ்சம் கூட, அந்தப் பக்கமே போகாதீர்கள். சோறு தன் சூட்டிலேயே வெந்துவிடும். தண்ணீர் ஆவியாகாது, ஆகவே வடிக்காமல் சமைக்கிற அளவுக்கு, அதிலும் சற்றுக் குறைத்துத் தண்ணீர் வையுங்கள். அன்றைக்கே சாப்பிட வேண்டும், இரவு முழுக்க அதற்குள் விடக்கூடாது. கௌபி, கடலை, பயறு ஆகியவற்றை முதல்நாள் இரவே ஊறப்போட்டால் அவிக்கிற நேரம் நன்றாகக் குறையும். இது உங்கள் அம்மம்மாவுக்கே தெரிந்த விடயம், நான் புதிதாகச் சொல்லவில்லை.

இனி விளக்கு. கடையில் மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில்தான் வாங்குகிறோம். 750 மில்லிலீற்றர் போத்தல் முன்பு 53 ரூபா வந்தது, இன்று 80 ரூபா வருகிறது. உள்ளூர்க் கடையில் அதற்கும் மேல். ஒரு வாரம் போத்தலில் கோடு போட்டு, எந்த விளக்கு எவ்வளவு குடிக்கிறது என்று பாருங்கள். திரி உயர்ந்திருந்தால் எண்ணெயும் போகும், புகையும் வரும், வெளிச்சம் மட்டும் கூடாது. அரிக்கன் லாம்பின் சிமினியைத் துடைத்தாலே ஒரு விளக்குக்குக் கூட வெளிச்சம் கிடைக்கும். படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் ஒரு லாம்பைச் சுற்றி இருக்கட்டும்.

காசு மிச்சம் பிடிக்கவென்று சாராயப் போத்தலிலும் மருந்துப் போத்தலிலும் திரி போட்ட விளக்குகளை இந்தக் கிராமத்தில் நிறையக் காண்கிறேன். உயரமான போத்தல் பூனை தட்டினாலும் விழும். விழுந்தால் எண்ணெய் பாயில் ஓடும், நுளம்பு வலையில் பிடிக்கும், பிறகு தறப்பாள் கூரை. இலங்கையில் இப்படி எரிந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் சத்திரசிகிச்சை நிபுணர் டாக்டர் விஜய கொடகும்புர பாதுகாப்பான விளக்கு ஒன்றை உருவாக்கினார். அதற்காக 1998இல் ரோலெக்ஸ் விருதும் பெற்றார். அந்த விளக்கில் மந்திரம் ஒன்றுமில்லை. கட்டையானது, பாரமானது, தடித்த கண்ணாடி, விழுந்தாலும் உருளாமல் இருக்க இரண்டு பக்கம் தட்டை, எண்ணெய் சிந்தாமல் இருக்கத் திருகு மூடி. அது கிடைக்காவிட்டால், அதே குணம் உள்ள கட்டையான, அகன்ற, திருகு மூடிப் போத்தலைத் தேடிப் பிடியுங்கள். நிலத்தில் வைக்க வேண்டாம், வலைக்குப் பக்கத்திலும் வேண்டாம். எரிகிற விளக்குக்கு எண்ணெய் ஊற்றாதீர்கள். விறகு பிடிக்கவில்லை என்று அடுப்பில் மண்ணெண்ணெய் வீசுவதும் கூடாது. ஒரு தீக்காயத்துக்குப் போகிற செலவில் பல வருட எண்ணெய் வாங்கலாம். காயமோ காசால் தீராது.

இப்போது ஐயாமார் கவனமாகக் கேட்க வேண்டிய இடம். காலபோக அறுவடை முடிந்திருக்கிறது. களத்திலேயே நெல்லை லொறியில் ஏற்றிவிட்டு, ஆவணி புரட்டாதியில் அதே நெல்லை அரிசியாகக் கூடிய விலைக்கு வாங்குகிறோம். இரண்டு தரமும் நட்டம் எங்களுக்கே. ஐந்து பேர் உள்ள குடும்பம் ஒன்றுக்கு மாதம் 40 கிலோ அரிசி என்று வைப்போம். அடுத்த அறுவடை வரை 11 மாதத்துக்கு 440 கிலோ. நெல்லைக் குற்றினால் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் அரிசி வரும். ஆகவே ஏறக்குறைய 700 கிலோ நெல் வேண்டும். 70 கிலோ மூடை என்றால் பத்து மூடை. விற்பதற்கு முதல் அந்தப் பத்து மூடையை வீட்டுக்குள் வையுங்கள். மீதியைப் பற்றிப் பிறகு பேசலாம்.

"கடன்காரன் களத்தில் நிற்கிறானே" என்று நீங்கள் கேட்பீர்கள். உண்மை. உரமும் எண்ணெயும் கடனுக்கு எடுத்தவருக்குத் தெரிவு குறைவு. ஆனாலும் முழுவதையும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும் என்று எல்லாக் கடைக்காரரும் நிற்பதில்லை. பாதியை இப்போது, பாதியைச் சிறுபோகத்தில் என்று பேசிப் பாருங்கள். தனியாகப் பேசுவதைவிடச் சங்கமாகப் பேசினால் கதை வேறு மாதிரிப் போகும். அடுத்த போகத்துக்கு விதைநெல்லையாவது கடன் வாங்காமல் இருக்க இப்போதே ஒதுக்குங்கள். பல்லில் கடித்தால் 'டக்'கென்று முறிகிற அளவுக்கு நெல் காய்ந்திருக்க வேண்டும். மூடையை நிலத்தில் வைக்காமல் மரக்குற்றியில் அடுக்கி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, இடையில் வேப்பிலை போடுங்கள். புழுங்கலுக்கு அவிப்பதை நாலைந்து வீடுகள் சேர்ந்து ஒரே நாளில் செய்தால் விறகு மிச்சம்.

வயலில் ஈரம் இருக்கும்போதே பயறோ கௌபியோ உழுந்தோ விதைக்க முடிந்தவர்கள் விதையுங்கள். மைசூர்ப் பருப்பின் இடத்தை அது பிடிக்கும். தோட்டத்துக்கு இறைப்பவர்கள் வெயிலில் இறைக்காமல் பின்னேரத்தில் இறைத்து, பாத்திக்குச் சருகு போட்டால் ஒரு நாள் இறைப்பு மிச்சமாகும். கிணற்றடித் தண்ணீர் வாழைக்கும் பப்பாசிக்கும் போகட்டும். முருங்கை, அகத்தி, பொன்னாங்காணி, வல்லாரை பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பால்மாவைப் பற்றி மட்டும் ஒரு சொல்: அந்தப் பைக்கற் விலைக்கு எத்தனை முட்டை, எத்தனை ஜப்பான் மீன், எவ்வளவு பசுப்பால் வரும் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். விளம்பரத்தில் வருகிற பிள்ளை எங்கள் ஊர்ப் பிள்ளை இல்லை.

வீட்டில் சாமான் குறையும்போது யாருடைய கோப்பையில் முதலில் குறைகிறது? இதை நான் கேட்டாக வேண்டும். தாய் கடைசியாகச் சாப்பிடுவாள், பானையில் மிஞ்சியதை. கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும் அப்படிச் சாப்பிட்டால் பாதிப்பு பிள்ளைக்குத்தான். கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தர் தருகிற திரிபோஷா இலவசம். கர்ப்பிணிக்கும், பாலூட்டும் தாய்க்கும், நிறை குறைந்த பிள்ளைக்கும் உரியது. அதை எல்லோருக்கும் உருண்டை பிடித்துக் கொடுத்துவிட்டுப் பிள்ளை நிறை கூடவில்லை என்று கவலைப்படுகிற வீடுகள் இருக்கின்றன. மற்றவர்களுக்குக் குரக்கன் ரொட்டி சுட்டுக் கொடுங்கள். அந்தப் பைக்கற் யாருடைய பேரில் வந்ததோ அவருக்கே போகட்டும். நிறை பார்க்கிற நாளைத் தவறவிட வேண்டாம். பள்ளிக்கூடத்தில் மதிய உணவு கிடைக்கிற பிள்ளையை விறகுக்காக மறிக்கவும் வேண்டாம்.

கடைசியாகச் சங்கம் செய்யக்கூடிய ஒன்று. சீனி 100 கிராம், எண்ணெய் கால் போத்தல் என்று நாளாந்தம் வாங்கும்போது கூடிய விலை கொடுக்கிறோம். 15 வீடுகள் சேர்ந்து மூடையாகவும் கானாகவும் கூட்டுறவுச் சங்கத்தில் எடுத்துப் பிரித்தால் அந்த வித்தியாசம் உங்களுக்கு. ஆனால் தராசு ஒன்று, கொப்பி ஒன்று, கணக்குப் பார்க்க இரண்டு பேர் இல்லாமல் தொடங்க வேண்டாம். தொடங்கி மூன்றாம் மாதம் சண்டையில் முடிந்த இடங்களையும் கண்டிருக்கிறேன்.

அடுப்புக் கட்டுகிற வேலை வரும் வியாழக்கிழமை காலை பொதுநோக்கு மண்டபத்தடியில் நடக்கும். அனகி அடுப்புகளை நாங்கள் கொண்டு வருவோம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு வாளி புற்றுமண், அரை வாளி உமி, கொஞ்சம் சாணம் கொண்டு வாருங்கள். கைக்குழந்தை உள்ளவர்களுக்கும் தனியாக இருக்கிற வயதானவர்களுக்கும் மண் எடுத்துக் கொடுக்க ஐயாமாரில் நாலு பேர் இப்போதே பெயர் தாருங்கள். தலைவி எழுதிக்கொள்வார்.