பழைய கார் வாங்கப் போகிறீர்களா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதாவது பயனுள்ளதாகப் பேசு" என்று செயலாளர் சொன்னார். நான் படித்தது மெக்கானிக்கல். அதனால் ஏமாற மாட்டேன் என்ற நினைப்பில் ஒருமுறை நன்றாக ஏமாந்தேன். அதைச் சொல்வதுதான் உங்களுக்கு அதிகம் பயன்படும் என்று தோன்றியது.

எனக்குச் சொந்த ஊர் நெல்லிக்குப்பம். அப்பா கரும்பு விவசாயி. 2016-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம், கரும்புப் பணத்தில் மிச்சம் பிடித்திருந்த இரண்டரை லட்சத்தை என்னிடம் கொடுத்து, "அம்மாவுக்கு மூச்சு முட்டுது, ராத்திரி நேரத்துல ஆட்டோ தேட முடியல. நீதான் இன்ஜினியராச்சே, நல்ல வண்டியா ஒண்ணு பாரு" என்றார். சென்னையில் ஒரு புரோக்கர் மூலம் நாலு வருஷம் ஓடிய சின்னக் கார் ஒன்றைப் பார்த்தேன். பாலிஷ் போட்டுப் பளபளவென்று இருந்தது. உள்ளே சென்ட் வாசனை. விலையோ மார்க்கெட்டை விட நாற்பதாயிரம் குறைவு. ஊர் மெக்கானிக்கை அழைத்துப் போகலாமா என்று நினைத்தேன். பஸ் செலவு, ஒருநாள் கூலி என்று கணக்குப் போட்டு, "நமக்குத் தெரியாததா" என்று விட்டுவிட்டேன்.

ஏழு மாதம் ஓடியது. நவம்பரில் ஒரு மழை ராத்திரி, அம்மாவை ஏற்றிக்கொண்டு கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பாதி வழியில் லைட்டெல்லாம் அணைந்து வண்டி நின்றுவிட்டது. எதிரே வந்த ஒரு டெம்போக்காரர் இறக்கப்பட்டு ஏற்றிக்கொண்டு போனார். அம்மா பிழைத்துக்கொண்டார். மறுநாள் மெக்கானிக் கால்மிதிக் கார்ப்பெட்டைத் தூக்கிக் காட்டினார். அடியில் காய்ந்த சேறு. ஒயர் கனெக்டர்களில் பச்சைப் பச்சையாகக் களிம்பு. "தம்பி, இது தண்ணி குடிச்ச வண்டி" என்றார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கழுவித் துடைத்து என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

நண்பர்களே, இது நம் பக்கத்தில் ஒருமுறையோடு தீரும் சங்கதி இல்லை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2015-இல் பெருவெள்ளம், 2024-இல் ஃபெஞ்சல் புயலைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வெள்ளம். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் மூழ்கிய வண்டிகள் ஊர் மாறி விற்பனைக்கு வரும். கண்டுபிடிக்க வழி இருக்கிறது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சுருளுக்குள் இருக்கும் பாகத்தில் சேற்றுக் கறை நிற்கும். ஸ்டெப்னி இருக்கும் குழியைப் பாருங்கள். சீட்டுக்கு அடியில் இருக்கும் போல்ட்டில் துரு இருக்கிறதா பாருங்கள். சென்ட் வாசனை தூக்கலாக இருந்தால் கண்ணாடியை ஏற்றி, ஏசி போடாமல் பத்து நிமிஷம் உட்காருங்கள். ஈர வாடை தானாக வெளியே வரும். வண்டி கடலோர ஊரில் ஓடியதா? அப்படியானால் கீழே படுத்து அடித்தகட்டையும் பாருங்கள். உப்புக் காற்று அங்கேதான் முதலில் அரிக்கும்.

இன்ஜினை எப்போதும் ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். நீங்கள் போகும்போதே சூடாக இருந்தால், "நாளைக்குக் காலையில் வருகிறேன்" என்று திரும்பி விடுங்கள். நீலப்புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. வெள்ளைப்புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே இறங்குகிறது. ஆயில் மூடியின் உட்புறம் பால் காபி நிறத்தில் பிசுபிசுப்பு இருந்தாலும் தண்ணீர் கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிந்து பிறகு அணைய வேண்டும். ஏர்பேக் விளக்கு எரியவே இல்லை என்றால், கோளாறை மறைக்க அதைத் துண்டித்திருக்கலாம்.

கிலோமீட்டரை அப்படியே நம்பாதீர்கள். மீட்டரைக் குறைப்பது இன்று பத்து நிமிஷ வேலை. முப்பதாயிரம்தான் ஓடியது என்பார். கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கும். டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. பானெட் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தழும்பு இருந்தால் டிங்கரிங் வேலை நடந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

இனி காகிதம். நம்மில் பலர் இதில்தான் கோட்டை விடுகிறோம். ஆர்.சி.யில் இருக்கும் பெயரும் விற்பவர் பெயரும் ஒன்றா? இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் பொருந்துகிறதா? பாங்க் கடன் இருந்தால், அடைத்து படிவம் 35 கொடுத்து ஆர்.சி.யில் நீக்கியிருக்கிறார்களா? பாக்கி அபராதம் உண்டா? எம்-பரிவாஹன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். புதுச்சேரி வண்டி நமக்குக் கூப்பிடு தூரம், மலிவாகவும் கிடைக்கும். ஆனால் அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டிப் பதிவை மாற்ற வேண்டும். அந்தத் தொகையையும் கூட்டிப் பார்த்து மலிவா என்று சொல்லுங்கள்.

பெயர் மாற்றத்தை, "அப்புறம் பார்த்துக்கலாம் சார்" என்று விடக்கூடாது. படிவம் 29, 30. மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள். இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் மாற்ற மனுப் போட வேண்டும். விற்பவருக்கும் இதில் ஆபத்து உண்டு. ஒருவர் 2007-இல் காரை விற்றார். அது பல கை மாறி, 2009-இல் விபத்தில் ஓர் உயிர் போனது. ஆர்.சி.யில் அவர் பெயரே இருந்தது. யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், அவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-இல் பழைய கார் சந்தையை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். மோசமான காரை அங்கே 'எலுமிச்சை' என்பார்கள். விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குபவன் எல்லா வண்டிக்கும் பயந்து விலையைக் குறைக்கிறான். கட்டுப்படியாகாமல் நல்ல வண்டிக்காரன் சந்தையை விட்டே விலகுகிறான். கடைசியில் எலுமிச்சைகளே மிஞ்சும். 2001-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டதற்கு இந்த ஆராய்ச்சியே அடிப்படை.

என் எலுமிச்சைக்கு வருகிறேன். ரிப்பேருக்கு அறுபதாயிரம் ஆகும் என்றார்கள். அதே புரோக்கர் போனில், "நல்லா கழுவிக் கொடுங்க சார், வேற ஊர்ல தள்ளிடலாம்" என்றார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆசை வந்தது. அப்பாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அவன் வீட்லயும் ஒரு அம்மா இருப்பாங்கல்ல?" என்றார். ஒரு பட்டறைக்காரரிடம் உள்ளதைச் சொல்லி, உதிரி பாகத்துக்காக எழுபதாயிரத்துக்குக் கொடுத்தேன். மீதி நஷ்டத்தை அடைக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

மாணவத் தம்பிகளே, வண்டி பார்க்கப் போகும்போது உங்கள் டிகிரியை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு நல்ல மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். ஐநூறோ ஆயிரமோ கொடுப்பதற்குக் கணக்குப் பார்க்காதீர்கள். என்றாவது ஒருநாள் நீங்களும் விற்பீர்கள். அன்றைக்கு, வண்டிக்கு என்ன நேர்ந்ததென்று கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.