வித்தும் இல்லறத்தார் தோட்டமும்



ஆதிபகவன் விருஷபதேவர் மக்களுக்கு அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிகம், சிற்பம் என்னும் ஆறு தொழில்களைக் கற்பித்தருளினார் என்பது புராணம். வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம் வட்டாரங்களின் சமணக் குடிகள் அவற்றுள் கிருஷியையே பெரிதும் பற்றி வாழ்ந்தவை. அவற்றுட் பல இன்று நகரங்களில் வாழினும், மாடியிலோ கொல்லையிலோ நான்கு செடி வளர்க்கும் ஆசை அற்றுவிடவில்லை. ஆடி பிறந்ததும் அவ்வில்லங்களில் எழும் வினா, நாட்டு விதையா, கடை விதையா என்பது.

கடை விதை என்பது ஒருவகைப் பொருளன்று. வீரிய ஒட்டு விதை முதற்பருவத்தில் சீராகக் காய்க்கும். அதன் காயினின்று எடுத்த வித்தோ தாய்ச்செடியின் இயல்பைப் பிறழாமல் தருவதில்லை. ஆண்டுதோறும் வாங்கியே ஆக வேண்டும். தேர்வு ரகம் அவ்வாறன்று. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 தக்காளி, அன்னஞ்சி என்னும் நாட்டுத் தக்காளியினின்று பிறந்தது. ஒருமுறை வாங்கினால் பின்னர் வீட்டிலேயே வித்தெடுக்கலாம். ஆகவே நாட்டு விதை மட்டுமே தூயது, ஏனைய யாவும் விலக்கத்தக்கன என்று கூறுதல் பொருந்தாது.

அகிம்சை நோக்கிலும் தீர்ப்பு அத்துணை எளிதன்று. கடை விதைகள் பலவற்றின்மேல் பூஞ்சணக்கொல்லி பூசி நிறமேற்றியிருப்பர். அதை விரும்பாதார் பூசாத விதையைக் கேட்டு வாங்குதல் நன்று. ஆனால் வெண்டையில் வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்புத் தேமல் நோய், நாட்டு வெண்டை என்று விலகிப் போவதில்லை. நாட்டு வெண்டையை நட்டு வாரந்தோறும் பூச்சிமருந்து தெளிக்கும் இல்லத்தைவிட, நோய் தாங்கும் தேர்வு ரகத்தை நட்டுத் தெளிப்பைத் தவிர்க்கும் இல்லமே நோன்புக்கு அணித்தாக நிற்கிறது. அவரை, கொத்தவரை, தட்டைப்பயறு ஆகியவற்றிற்கு நாட்டு விதையே போதும். இவை பெரும்பாலும் தன் மகரந்தத்தால் காய்ப்பவை. வித்து எளிதில் கலப்பதில்லை.

பூசணி, சுரை, பீர்க்கு ஆகியவற்றிற்கு அந்த எளிமை இல்லை. அயல்வீட்டுக் கொடியின் மகரந்தம் வண்டேறி வந்துவிடும். மலர இருக்கும் ஆண்பூ, பெண்பூ இரண்டையும் முன்னரே நூலால் கட்டிவைத்து, மலரும் வேளையில் கையால் மகரந்தம் சேர்த்து மீண்டும் கட்டுதல் வேண்டும். பூசணிக்கு அவ்வேளை வைகறை, சுரைக்கு மாலை. இரவுணவு நீத்த இல்லத்தின் பந்தலிலும் சுரைப்பூ பொழுது சாய்ந்த பின்னரே விரிந்து விட்டிற்பூச்சிகளுக்கு விருந்து வைக்கிறது!

நாட்டு விதையைத் தேர்வோர் ஏற்கும் பெருங்கடமை, அதை அடுத்த பருவம்வரை காத்தல். வசு மன்னன் கதையை இங்கு நினைவுகூர்தல் தகும். வேள்விக்குரிய ‘அஜம்’ என்பது ஆடு என்றான் பர்வதன்; மூன்றாண்டு கடந்து முளைக்கும் ஆற்றல் அற்ற தானியமே அது என்றான் நாரதன். உண்மை அறிந்தும் பர்வதன் பக்கம் சான்று பகர்ந்த வசு, அரியணையோடு வீழ்ந்தான். உயிர்க்கொலையை விலக்கிய அவ்வுரை, வித்தின் உயிர்ப்புக்கு எல்லையுண்டு என்னும் உழவர் அறிவின்மேல் நிற்கிறது.

அவ்வெல்லை பயிர்தோறும் வேறுபடும். வெண்டை விதை ஈராண்டில் தளரும். நன்கு உலர்ந்த தக்காளி, வெள்ளரி விதைகள் நான்கைந்து ஆண்டும் தாங்கும். தக்காளி விதையைப் புளிக்கவைத்துக் கழுவுவது வழக்கம். புளித்தலில் நுண்ணுயிர் பெருகும் எனத் தயங்குவோர் அடுப்புச் சாம்பலில் தேய்த்து வழுவழுப்பை நீக்கலாம். பயறு வகைகளில் வண்டின் முட்டை வயலிலேயே நெற்றின்மேல் இடப்படுகிறது. ஆதலால் நெற்று முற்றியவுடன் பறித்து, வெயிலில் நன்கு உலர்த்தி, சாம்பல் கலந்து, காற்றுப் புகாத கலத்தில் அடைத்தல் வேண்டும். தாமதித்தால் வண்டு பெருகும். பிறகு கொல்வதா, வித்தை இழப்பதா என்னும் இடர் நேரும்.

கலத்தின்மேல் பயிரின் பெயரையும் பறித்த மாதத்தையும் ஆண்டையும் எழுதிவைத்தல் வேண்டும். ஆடிக்குப் பத்து நாள் முன்னர், பத்து வித்துகளை ஈரத்துணியில் முடிந்து பார்க்கலாம். ஐந்துக்கும் குறைவாக முளைத்தால், ஊரில் உறவினர் வீட்டில் புதுவித்து கேட்டு வாங்க இன்னும் நாள் இருக்கும். முளைத்தவை அப்போதே தொட்டிக்குச் செல்லட்டும்.